கதவு ஒட்டினால் நிலையைப் பார்: 1967 எம்.ஜி.பி. காரில் ஒரு கதவு வேலை

பார்ப்பதற்குக் குறையொன்றும் தெரியாத கார் அது. 1967-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், திறந்த மேற்புறம், இரண்டு இருக்கை, வலப்பக்க ஸ்டியரிங். ஆறு ஆண்டுகளுக்கு முன் வேறொரு பட்டறையில் புதுப்பித்திருந்தார்கள். பெயின்டில் முகம் பார்க்கலாம். உரிமையாளர் கொண்டுவந்த குறை ஒன்றே ஒன்றுதான்: ஓட்டுநர் பக்கக் கதவைச் சற்றுத் தூக்கிப் பிடித்துச் சாத்தினால்தான் பூட்டு விழுகிறது.

"கீலைத் தளர்த்திக் கொஞ்சம் மேலே ஏற்றிவிட்டால் போதும், இல்லையா?" என்று கேட்டார்.

"அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

அளந்த பிறகு அவரிடம் சொல்ல வேண்டியிருந்த செய்தி எனக்கே வருத்தம் தந்தது. காரின் உடலே நடுவில் தொய்ந்திருந்தது. கதவு அதைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக் கதவு தரையில் உரசினாலும் மேலே இடித்தாலும், அனுபவமுள்ள தச்சர் இழைப்புளியை எடுப்பதற்கு முன் நிலையைப் பார்ப்பார். நிலை சாய்ந்திருக்கும்போது கதவைச் சீவினால், அடுத்த மழைக்காலத்தில் மறுபடி சீவ வேண்டிவரும். பழைய கார்களிலும் இதே கதைதான். ஆனால் கதவு இடைவெளி கோணலாக இருந்தால் பலரும் முதலில் தொடுவது கீல் திருகுகளைத்தான். அது கடைசியாகத் தொட வேண்டியது என்பது என் உறுதியான கருத்து. இந்த ஒரு காரில் அந்த வரிசை தவறியதால் என்னென்ன நடந்தது, அதைத் திருப்பிச் சரிசெய்ய என்ன செய்ய வேண்டியிருந்தது என்பதை அளவுகளோடு எழுதிவைக்கிறேன்.

உடல் எதன்மேல் நிற்கிறது

இதற்கு முந்தைய எம்.ஜி.ஏ. கார் 1955 முதல் 1962 வரை தயாரானது. அதற்குத் தனியாக ஒரு சேஸிஸ் உண்டு. உடல் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். 1962-இல் வந்த எம்.ஜி.பி.யில் தனிச் சேஸிஸ் கிடையாது. தகடுகளை மடித்துப் பற்றவைத்துக் கட்டிய உடலே வண்டியின் எலும்புக்கூடு. 1980 வரை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட எம்.ஜி.பி. கார்கள் இப்படித்தான் வெளிவந்தன. 1965-இல் வந்த ஜி.டி. வகைக்குக் கூரை இருப்பதால் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மேலே ஒரு பாலம் இணைக்கிறது. திறந்த வகையில் அந்தப் பாலம் இல்லை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.3 மீட்டர் தூரத்தைத் தாங்குவது தரைத்தகடும், நடுவில் ஓடும் கியர்பாக்ஸ் சுரங்கமும், கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் இரண்டு பெட்டிச் சட்டங்களும்தான்.

இந்தப் பெட்டிச் சட்டத்தைப் படிச்சட்டம் என்று சொல்லிக்கொள்கிறேன். இறங்கும்போது கால் வைக்கும் இடம் என்பதால் பலர் இதை வெறும் அலங்காரத் தகடு என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் உள்தகடு, அடித்தகடு, நடுவில் ஒரு பிரிதகடு, வெளித்தகடு எனப் பல அடுக்குகள் சேர்ந்து ஒரு மூடிய பெட்டியாகின்றன. வெளித்தகடு கதவோடு முடிந்துவிடுவதில்லை. முன்பக்கம் ஃபெண்டருக்கு, அதாவது சக்கரத்தை மூடும் தகட்டுக்கு, பின்னாலும், பின்பக்கம் பின் ஃபெண்டருக்கு அடியிலும் நுழைந்து போகிறது. அதை முறையாக மாற்ற வேண்டுமானால் ஃபெண்டர்களின் கீழ்ப்பகுதியை வெட்டியாக வேண்டும். அந்த வேலைக்குச் சோம்பல்பட்டவர்கள், துருப்பிடித்த தகட்டின் மேலேயே கதவு அகலத்துக்கு ஒரு புதுத் தகட்டைப் போர்த்திவிடுவார்கள்.

படிச்சட்டம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறோர் உதாரணம் சொல்கிறேன். 1954-இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காரின் கதவுகள் பறவையின் சிறகுபோல மேல்நோக்கித் திறக்கும். குழாய்களால் கட்டிய அதன் எலும்புக்கூடு பக்கவாட்டில் உயரமாக இருந்தது. வழக்கமான கதவுக்கு அங்கே இடமில்லை. சட்டத்தைக் குறைத்து அதன் பலத்தைக் கெடுக்காமல், கதவுகளைக் கூரையில் தொங்கவிட்டார்கள். உடலின் தேவைக்குக் கதவு வளைந்துகொடுத்தது. வரிசை அப்படித்தான் இருக்க வேண்டும்.

அளவுகள் சொன்னது

இடைவெளியை அளக்க நான் துளைபோடும் பிட்டுகளின் வழவழப்பான தண்டைத்தான் பயன்படுத்துகிறேன். 1 மி.மீ. முதல் 8 மி.மீ. வரை 0.1 மி.மீ. வித்தியாசத்தில் ஒரு வரிசை. எந்தத் தண்டு உரசாமலும் ஆடாமலும் நுழைகிறதோ அதுதான் அளவு. பெயின்டில் கீறல் விழாமலிருக்க, தண்டின்மேல் மெல்லிய டேப் ஒரு சுற்று.

கார் தன் சக்கரங்களில், சமதளத்தில் நின்றது. வலக் கதவின் பின் விளிம்பில், மேல் மூலையில் 1.5 மி.மீ.; அதே விளிம்பின் கீழே 5 மி.மீ. முன் விளிம்பில் மேலும் கீழும் 6 மி.மீ. அந்தக் காலத்துக் கார்களில் 4 முதல் 5 மி.மீ. இடைவெளி இயல்பானது. எண்ணைவிட, மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக ஓடுகிறதா என்பதுதான் கண்ணுக்குத் தெரியும். இங்கே பின் இடைவெளி ஆப்பு வடிவில் இருந்தது. மேல் மூலையில் பெயின்ட் ஒரு கடுகு அளவுக்குப் பெயர்ந்து, அடியில் சாம்பல் நிறத்தில் பட்டி தெரிந்தது. அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தகடு தெரிய வேண்டிய இடத்தில் பட்டி எதற்கு?

அடுத்தது நிலையின் அளவு. கதவைத் திறந்து, கீல் இருக்கும் முன் தூணிலிருந்து பூட்டு விழும் பின் தூண்வரை இரண்டு உயரங்களில் அளந்தேன். படிச்சட்டத்தை ஒட்டிய கீழ் அளவு வலத்திலும் இடத்திலும் ஒன்றாக இருந்தது. இடுப்பு உயரத்து மேல் அளவு, இடப்பக்கத்தைவிட வலப்பக்கத்தில் 6 மி.மீ. குறைவு. மூலைவிட்டங்களும் அதையே உறுதிசெய்தன. இரண்டு தூண்களும் ஒன்றையொன்று நோக்கித் தலைசாய்த்திருந்தன. இரண்டு முனைகளில் தாங்கிய பலகையின் நடுவில் ஒருவர் உட்கார்ந்தால் பலகையின் மேல்பக்கம் சுருங்குமே, அதுதான் இது.

இடப்பக்கத்தை நம்பி ஒப்பிடலாமா என்ற கேள்வி எழும். இடக் கதவின் கீல் திருகுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மேலே ஆறு வருடத்துப் பெயின்ட். அதன் அடியில் ஆலையில் அடித்த பெயின்ட். இரண்டுமே திருகுத் தலையின் ஓரத்தில் உடையாமல் இருந்தன. அந்தக் கீல்களை யாரும் தளர்த்தியதே இல்லை. படிச்சட்டமும் அந்தப் பக்கம் தட்டினால் கெட்டியாகப் பேசியது.

கடைசிச் சோதனைதான் முடிவைச் சொன்னது. இருக்கைக்கு அடியில் குறுக்கே ஓடும் சட்டம் வலப் படிச்சட்டத்தைச் சந்திக்கும் இடத்தில் ஒரு மரக்கட்டையை வைத்து, அடியில் ஜாக்கியைக் கொடுத்தேன். கதவின் மேல் மூலையில் 1.5 மி.மீ. தண்டு. ஜாக்கியின் கைப்பிடியை மெதுவாக அழுத்தினேன். நான்காவது அழுத்தலில் தண்டு தானாகவே நழுவிக் கீழே விழுந்தது. சக்கரம் இன்னும் தரையைவிட்டு எழும்பவில்லை. 2, 2.5, 3 என்று மாற்றிக்கொண்டே போனேன். சக்கரம் எழும்பப்போகும் தருணத்தில் 4 மி.மீ. தண்டு தாராளமாக நுழைந்தது. இதே சோதனையில் இடக் கதவின் மூலை அரை மி.மீ.கூட அசையவில்லை. உரிமையாளரைக் கூப்பிட்டு, அவர் கையாலேயே ஜாக்கியை ஏற்றி இறக்கச் சொன்னேன். இரண்டாவது முறை இறக்கிய பிறகு கீலைப் பற்றி அவர் பேசவில்லை.

மறைத்துவைத்த வேலைகள்

முந்தைய பட்டறையைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் அவர்கள் செய்ததைப் படிப்படியாகப் புரிந்துகொண்டால்தான் நாங்கள் செய்ததற்குப் பொருள் கிடைக்கும்.

வலப் படிச்சட்டத்தின் வெளித்தகட்டை ஒரு கையகலம் வெட்டித் திறந்தபோது, புதுத் தகட்டுக்குப் பின்னால் பழைய தகடு அப்படியே நின்றது. விரலால் அழுத்தினால் செதில் செதிலாக உதிர்ந்தது. நடுப் பிரிதகட்டின் கீழ்ப்பாதி இல்லவே இல்லை. போர்த்திய தகடு கதவின் அகலத்தோடு முடிந்துவிட்டதால், பாரத்தை முன்தூணின் அடிக்கும் பின்தூணின் அடிக்கும் கொண்டுபோக எதுவுமில்லை. போர்த்தும்போது கதவு நிலைக்கு முட்டுக் கொடுக்கவுமில்லை. கார் தொய்ந்த நிலையிலேயே பற்றவைத்ததால், அந்தத் தொய்வையே பூட்டிவைத்துவிட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் சங்கிலித்தொடர். முன்தூண் பின்னோக்கிச் சாய்ந்ததால் கதவின் வால், அதாவது கீலுக்கு எதிர்முனை, தொங்கியது. வாலைத் தூக்க, கீழ்க் கீலுக்குப் பின்னால் 0.8 மி.மீ. தடிமனில் மூன்று சிம்கள், அதாவது இட்டு நிரப்பும் மெல்லிய தகடுகள். வால் மேலே வந்தது. ஆனால் பின்தூணின் சாய்வு அப்படியே இருந்ததால் மேல் மூலை இடித்தது. கதவின் பின் விளிம்பை அரைத்தார்கள். கதவின் விளிம்பு, வெளித்தகட்டை உட்சட்டத்தின்மேல் மடித்து அமுக்கிய மடிப்பு. அரைத்தால் மடிப்பு திறந்துகொள்ளும். திறந்த இடத்தில் பட்டி. மேலும் இடம் வேண்டும் என்று கதவை முன்னால் தள்ளினார்கள். அது முன் ஃபெண்டரை நெருங்கியதால் போல்ட்டில் நிற்கும் ஃபெண்டரையும் முன்னால் நகர்த்தினார்கள். அதனால் பானெட்டின் (எஞ்சின் மூடியின்) வலப் பின்மூலை ஃபெண்டர் விளிம்போடு சேராமல் நின்றது. பானெட் பொருந்தாததைத் தனிக் குறை என்று உரிமையாளர் இத்தனை வருடம் நினைத்திருந்தார். மழையில் கண்ணாடிச் சட்டத்தின் ஓரமாக உள்ளே வந்த தண்ணீரையும் அப்படியே தனிக் குறை என்று எண்ணியிருந்தார். முன்தூண் சாய்ந்தால் கதவின் முக்கோணக் கண்ணாடி முன் கண்ணாடிச் சட்டத்தோடு எப்படிச் சேரும்?

நிலையை நிமிர்த்துவது

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இறக்கினோம். உடலை நான்கு தாங்கிகளில் நிறுத்தினோம். தாங்கிகளை எங்கே வைப்பது என்பதில் நான் பிடிவாதக்காரன். முன் சஸ்பென்ஷன் பொருந்தும் சட்டங்களுக்கு அடியில் இரண்டு, பின் வில்தகட்டின் முன் கொக்கிகளுக்கு அடியில் இரண்டு. சாலையில் உடலைத் தாங்குவதும் ஏறத்தாழ இந்த இடங்கள்தான். உடலைச் சுழற்றும் சட்டத்தில் மாட்டிவைத்து, இரு முனைகளில் தொங்கும் நிலையில் கதவு இடைவெளியைச் சரிபார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சக்கரத்தில் இறக்கியதும் அந்த அளவுகள் பொய்யாகிவிடும். ரசமட்டமும் மெல்லிய மரச்சில்லுகளும் கொண்டு நான்கு மூலைகளையும் சமப்படுத்த முக்கால் நாள் ஆனது. அந்த முக்கால் நாளை யாரும் மிச்சம்பிடிக்கக் கூடாது.

பிறகு முட்டு. 25 மி.மீ. சதுரக் குழாயை இரண்டு துண்டாக்கி நடுவில் திருகு இறுக்கி வைத்து, முன்தூணுக்கும் பின்தூணுக்கும் இடையே இடுப்பு உயரத்தில் மாட்டினோம். திருகைச் சுற்றினால் தூண்கள் விலகும். மூலைவிட்டத்தில் இன்னொரு குழாய். இடப்பக்கத்துக்கு நீளம் மாறாத முட்டு. அங்கே எதையும் மாற்றப் போவதில்லை. வலப்பக்கத்தைத் தள்ளும்போது அது நகராமலிருக்க வேண்டும்.

போர்த்திய தகட்டையும் உதிர்ந்த தகடுகளையும் வெட்டி எடுத்ததும் திருகைச் சுற்றினேன். தூண்கள் 6 மி.மீ. விலகின. நிறுத்தாமல் இன்னும் 1.5 மி.மீ. விலக்கினேன். தகடு திரும்பி வரும், பற்றவைப்பு இழுக்கும், எஞ்சின் பாரம் ஏறும் என்று தெரிந்து கூடுதலாகக் கொடுத்த அளவு அது. இந்த அளவுக்குச் சூத்திரம் எதுவும் என்னிடம் இல்லை. முந்தைய வேலைகளில் எவ்வளவு திரும்பி வந்தது என்று குறித்துவைத்திருந்ததிலிருந்து எடுத்தேன்.

புதிய அடித்தகடு, உள்தகடு, பிரிதகடு, வெளித்தகடு எல்லாவற்றையும் முதலில் கிளாம்ப்பில் நிறுத்தி, கதவை மாட்டிப் பார்த்து, கழற்றி, பிறகுதான் பற்றவைத்தோம். ஒவ்வோர் அடுக்குக்கும் இதே வரிசை. கதவை மொத்தம் ஒன்பது முறை மாட்டிக் கழற்றியிருக்கிறோம். சலிப்புத்தரும் வேலைதான். ஆனால் வெளித்தகட்டைப் பற்றவைத்து முடித்த பிறகு கதவை மாட்டி, அப்போது கோணலைக் கண்டுபிடிப்பதற்குச் சலிப்பு எவ்வளவோ மேல்.

ஒரு தவறு என் கையால் நடந்தது. பிரிதகட்டைப் பின்தூணின் அடியில் பற்றவைக்கும்போது, விட்டுவிட்டு 2 செ.மீ. துண்டுகளாகப் போட வேண்டியதை, ஒரே ஓட்டமாக 15 செ.மீ. போட்டுவிட்டேன். தகடு ஆறியதும் மேல் மூலை இடைவெளி 4.2-லிருந்து 3.4 மி.மீ. ஆகியிருந்தது. வெப்பத்தில் விரிய இடமின்றி நசுங்கிய உலோகம், ஆறும்போது பழைய அளவுக்கும் கீழே சுருங்குகிறது. அந்தச் சுருக்கம் தூணின் அடியை இழுத்தது. தூணின் தலை கோணியது. முட்டு மாட்டியிருந்தும் இது நடந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பற்றவைப்பை முழுவதும் அறுத்தெடுத்து, மறுநாள் துண்டுதுண்டாக, முன்னும் பின்னும் மாற்றி மாற்றி, கைவைத்தால் பொறுக்கும் சூடு வரும்வரை காத்திருந்து போட்டோம். இடைவெளி 4.1-இல் நின்றது.

முட்டைக் கழற்றிய நாளில் மேல் அளவு இடப்பக்கத்தைவிட அரை மி.மீ. கூடுதல். எஞ்சின் ஏறிய பிறகு 0.2 மி.மீ. கூடுதல். அதோடு நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்போதுதான் கீல்

கீல் ஊசிகள் இரண்டும் தேய்ந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஆட்டம் 0.4 மி.மீ.தான். அது அற்பம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கதவின் நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். கீல்களுக்கு இடையே ஏறத்தாழ 30 செ.மீ. கதவின் பாரத்தில் மேல் கீல் பின்னோக்கி 0.4, கீழ்க் கீல் முன்னோக்கி 0.4, இரண்டும் சேர்ந்து 0.8 மி.மீ. வாலில் அது மூன்று மடங்குக்கும் மேல் பெருகி 2.7 மி.மீ. ஆகும். உரிமையாளர் கையால் தூக்கியது இந்த 2.7 மில்லிமீட்டரைத்தான். துளைகளைப் பெரிதாக்கி, வெண்கலப் புஷ் (ஊசியைச் சுற்றிய உறை) போட்டு, புது ஊசி இறக்கினோம். தேய்ந்த கீலோடு கதவைச் சரிபார்ப்பது, ஆடும் தராசில் எடை போடுவதுபோலத்தான்.

அதே கணக்கு சிம்முக்கும் பொருந்தும். இந்த வகைக் கீலில் கீழ்க் கீலுக்குப் பின்னால் 1 மி.மீ. சிம் வைத்தால் வால் 3 மி.மீ.க்கு மேல் உயரும். மேல் கீலுக்குப் பின்னால் வைத்தால் அதே அளவு தாழும். இரண்டிலும் சமமாக வைத்தால் கதவு நேராகப் பின்னால் போகும். இதைச் சுண்ணாம்புக்கட்டியால் சுவரில் படம் வரைந்து வைத்திருக்கிறோம். வேலையின் நடுவே அவசரத்தில் எந்தக் கீலில் வைப்பது என்று குழம்பாதவர் குறைவு. பழைய மூன்று சிம்களையும் எடுத்துவிட்டோம். கடைசியில் தேவைப்பட்டது கீழ்க் கீலில் ஒரே ஒரு 0.5 மி.மீ. சிம்.

மாட்டும்போது ஸ்ட்ரைக்கரை, அதாவது கதவின் பூட்டு வந்து விழும் பாகத்தை, தூணிலிருந்து கழற்றிவிட வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஸ்ட்ரைக்கர் இருந்தால், கோணலாகத் தொங்கும் கதவையும் அது பிடித்து இழுத்து நேராகக் காட்டும். நீங்கள் பார்ப்பது கீலின் வேலையா ஸ்ட்ரைக்கரின் வேலையா என்றே தெரியாமல் போகும். ரப்பர் பட்டையும் வேண்டாம், பூட்டும் வேண்டாம். வெறும் கதவு, இரண்டு கீல், திருகுகள் பாதி இறுக்கத்தில். ஒருவர் வாலைத் தாங்கிப்பிடிக்க, இன்னொருவர் கீலருகே.

எங்கிருந்து தொடங்குவது? பின்னாலிருந்து. பின் ஃபெண்டர் உடலோடு பற்றவைத்தது, அது நகராது. எனவே கதவை அதற்குப் பொருத்த வேண்டும். முன் ஃபெண்டர் போல்ட்டில் நிற்பது. அதைக் கதவுக்குப் பொருத்தலாம். பானெட்டை ஃபெண்டருக்குப் பொருத்தலாம். நகராததிலிருந்து நகர்வதை நோக்கிப் போனால் வழியில் எங்கும் மாட்டிக்கொள்ள மாட்டோம்.

முதலில் உயரம்: பின் ஃபெண்டரின் மேல்கோடும் கதவின் மேல்கோடும் ஒன்றாக ஓடும்வரை. அடுத்து இடைவெளி. கடைசியில் உள்வாங்கல்: விரல் நுனியைக் கதவிலிருந்து ஃபெண்டருக்குக் குறுக்கே ஓட்டினால் படி தட்டக் கூடாது. இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வது நல்லது. பளபளப்பில் கண் ஏமாறும், விரல் ஏமாறாது. எங்கள் கதவு மேலே பொருந்தி, கீழ்ப் பின்மூலையில் 3 மி.மீ. வெளியே நின்றது. கதவே முறுக்கியிருந்தது. இதற்குப் பழைய வைத்தியம்தான்: மேல் மூலைக்கும் தூணுக்கும் நடுவில் துணி சுற்றிய மரக்கட்டையை வைத்து, கீழ் மூலையை உள்ளங்கையால் சீராக அமுக்குவது. பயந்துபயந்து மூன்று முறை அமுக்கிய பிறகு 1 மி.மீ. ஆனது. அடித்தால் தகடு பள்ளம் விழும். அமுக்கினால் சட்டம் வளையும்.

அரைத்துத் தின்ற விளிம்பைப் பட்டியால் நிரப்பாமல், மடிப்பின்மேல் பற்றவைப்புக் கம்பியால் சிறுசிறு புள்ளிகளாக உலோகம் ஏற்றி, அரத்தால் சீராக்கினோம். கதவின் விளிம்பில் பட்டி நிற்காது. சாத்தும் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி அந்த விளிம்பில்தான் போய் முடிகிறது. அப்போதுதான் முக்கோணக் கண்ணாடிக்கு அடியில் கதவுத் தகட்டில் 3 செ.மீ. நீளத்துக்கு ஒரு விரிசல் கண்ணில் பட்டது. எம்.ஜி.பி. கதவுகளுக்கு இது பரம்பரை நோய். விரிசலின் நுனியில் சிறு துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, பற்றவைத்துத் தேய்த்தோம்.

பாரமும் ரப்பரும்

வெறும் கதவு அழகாகப் பொருந்தியதைப் பார்த்து மகிழ்ந்து பெயின்டுக்கு அனுப்பிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. கண்ணாடி, அதை ஏற்றியிறக்கும் பொறி, பூட்டு, கைப்பிடி எல்லாம் சேர்ந்தால் கதவின் பாரம் கணிசமாகக் கூடும், வால் தாழும். அதனால் அந்தப் பாகங்களை எல்லாம் பூட்டியே ஒருமுறை சரிபார்த்தோம். வால் 1 மி.மீ. இறங்கியது. மேலே சொன்ன 0.5 மி.மீ. சிம் இங்கேதான் உள்ளே போனது.

ரப்பர் பட்டை இதைவிடத் தொல்லை. புதிதாக வாங்கிய பட்டையைப் போட்டதும் கதவின் பின் விளிம்பு 4 மி.மீ. வெளியே தள்ளி நின்றது. ஸ்ட்ரைக்கரை உள்ளே நகர்த்தினால் சாத்தலாம். ஆனால் ஓங்கி அடித்துச் சாத்த வேண்டும், கீலுக்கும் சுமை. காகிதத் துண்டைப் பட்டைக்கும் கதவுக்கும் நடுவில் வைத்துச் சாத்தி இழுத்துப் பார்த்தோம். சுற்றிலும் பன்னிரண்டு இடங்களில் ஓரிடத்தில்கூடக் காகிதம் அசையவில்லை, கிழிந்தது. ரப்பர் தேவைக்கு மேல் தடிமனும் கடினமும் என்று பொருள். மென்மையான வேறு பட்டையை வரவழைத்துப் போட்டபோது காகிதம் இறுக்கமாக, ஆனால் கிழியாமல் வந்தது. அதன் பிறகும் ஒரு வாரம் கதவைச் சாத்தியே வைத்திருந்தோம், ரப்பர் படிய.

ஸ்ட்ரைக்கர் கடைசி. கதவு அதில் நுழையும்போது மேலேயும் போகக் கூடாது, கீழேயும் இறங்கக் கூடாது. கதவின் மேல்கோட்டில் விரலை வைத்துக்கொண்டு மெதுவாகச் சாத்தினால் தெரியும். பழைய ஸ்ட்ரைக்கரின் கீழ் முகத்தில் பள்ளமாகத் தேய்ந்திருந்த தடம், ஆறு வருடமாகக் கதவை அது தூக்கிச் சுமந்ததன் அடையாளம். அதை மாற்றிவிட்டோம்.

பெயின்டுக்கு முன் இரண்டு காரியங்கள். ஒன்று, இடைவெளியை அரை மி.மீ. தாராளமாக விட்டோம். பிரைமரும் பெயின்டும் ஒவ்வொரு விளிம்பிலும் ஏறும். எதிரெதிர் விளிம்புகள் இரண்டிலும் ஏறும். மற்றொன்று, எல்லாம் சரியான நிலையில் இருந்தபோது, கீல் இலையையும் தூணையும் சேர்த்து ஊடுருவ இரண்டு 3 மி.மீ. துளைகள். கதவுப் பக்கமும் அப்படியே. பெயின்ட் முடிந்து கதவு திரும்பி வந்தபோது அந்தத் துளைகளில் 3 மி.மீ. ஊசியைச் செருகித் திருகுகளை இறுக்கினோம். ஒன்பது முறை மாட்டிய கதவு, பத்தாவது முறை இருபது நிமிடத்தில் தன் இடத்தில் உட்கார்ந்தது.

400 கி.மீ. ஓடிய பிறகு

கரடுமுரடான சாலையிலும் ஓட்டச் சொல்லி அனுப்பி, திரும்ப வரவழைத்து அளந்தேன். பின் இடைவெளி மேலே 4.3, கீழே 4.4 மி.மீ. முன் இடைவெளி முழுவதும் 4.5. ஜாக்கிச் சோதனையில் மேல் மூலை அரை மி.மீ.க்குள் அசைந்தது, இடப்பக்கத்தைப் போலவே. மேல் கீல் திருகு ஒன்று கால் சுற்று இறுக இடம் கொடுத்தது. பானெட்டின் மூலை ஃபெண்டரோடு சேர்ந்துவிட்டது. கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்தில் பத்து நிமிடம் குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சினோம். உள்ளே விரித்த நாளிதழ் காய்ந்தே இருந்தது.

உரிமையாளர் இடக் கதவின் அருகே போய்க் குனிந்து பார்த்தார். "இது மேலே 4, கீழே 4.6 இருக்கிறதே. வலப்பக்கம் மாதிரி இதையும் சீராக்கிவிடலாமா?" என்றார். ஆலையிலிருந்து அப்படித்தான் வந்திருக்கிறது என்றேன். அந்த நிலை நேராக நிற்கிறது, கீல் ஆடவில்லை, கதவு ஒரு விரலில் சாத்துகிறது. திருகுத் தலையில் உடையாமல் இருந்த அந்தப் பெயின்டைப் பூதக்கண்ணாடியில் அவருக்கும் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, அப்படியே இருக்கட்டும் என்றார்.